மைக் யார் கையில்? மதுரை கல்லூரி மேடைகளில் காணாமல் போகும் கேள்வி நேரம்

மதுரை:

பேச்சு கேட்பதில் மதுரைக்காரர்களுக்கு என்றுமே சலிப்பு கிடையாது. தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடந்தால் மாலை நேர சொற்பொழிவுக்கு என்றே ஒரு கூட்டம் வரும். கோவில் திருவிழாவில் பட்டிமன்றம் என்றால் தீர்ப்பு சொல்லும் வரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அரசியல் கூட்டம் பற்றி சொல்லவே வேண்டாம்.

ஆனால் இதே ஊரில் பல்கலைக்கழகம், கல்லூரி மேடைகளில் அரசியல், சமூகம் பற்றி பேச்சு எழுந்தால் மட்டும் பிரச்சினை வந்து விடுகிறது. யாரை அழைப்பது, யாருக்கு மரியாதை செய்வது, யார் என்ன பேசினார் என்று நாள் கணக்கில் சர்ச்சை ஓடுகிறது. இந்த சண்டையில் ஒருவரை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. அவர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து இருக்கும் மாணவர்.

மேடையில் யார் பேசலாம் என்று ஆளுங்கட்சியும் கவர்னர் மாளிகையும் மல்லுக்கு நிற்கின்றன. பேசி முடித்த பிறகு ஒரு மாணவன் எழுந்து நின்று கேள்வி கேட்க முடியுமா என்று எந்த தரப்பும் கவலைப்பட்டதாக தெரியவில்லை. கடந்த சில ஆண்டுகளில் மதுரையில் நடந்த 2 சம்பவங்களை பார்த்தாலே இது புரியும்.

சங்கரய்யாவுக்கு கிடைக்காத பட்டம்

முதல் சம்பவம் 2023-ல் நடந்தது. சுதந்திர போராட்ட வீரரும், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மூத்த தலைவருமான என்.சங்கரய்யாவுக்கு கவுரவ டாக்டர் பட்டம் கொடுக்க மதுரை காமராசர் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. சிண்டிகேட், செனட் இரண்டும் ஒப்புதல் கொடுத்து விட்டன.

சங்கரய்யா மதுரைக்கு புதியவர் அல்ல. இங்குள்ள அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். 1941-ல் பி.ஏ. இறுதித் தேர்வு நெருங்கும் நேரத்தில் வெள்ளைக்கார அரசு அவரை பிடித்து சிறையில் போட்டது. தேர்வு எழுத முடியவில்லை. பட்டமும் கையில் கிடைக்கவில்லை. பிறகு 1967, 1977, 1980 ஆகிய 3 தேர்தல்களில் மதுரை மக்கள் அவரை எம்.எல்.ஏ. ஆக்கி சட்டசபைக்கு அனுப்பினார்கள். 2021-ல் தமிழக அரசின் முதல் தகைசால் தமிழர் விருதும் அவருக்குத்தான் கிடைத்தது.

80 வருடத்துக்கு முன்பு விட்டுப்போன பட்டத்தை அவர் ஊர் பல்கலையே கொடுக்கப் போகிறது என்று பலரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் கவுரவ பட்டத்துக்கு வேந்தர் என்ற முறையில் கவர்னரின் ஒப்புதல் வேண்டும். கவர்னர் ஆர்.என்.ரவி கையெழுத்து போடவில்லை.

2023 நவம்பர் 2-ந்தேதி பட்டமளிப்பு விழா நடந்தது. அப்போது உயர்கல்வித்துறை அமைச்சராகவும், பல்கலையின் இணைவேந்தராகவும் இருந்த பொன்முடி விழாவை புறக்கணித்தார். சங்கரய்யா பெயர் இல்லாமலே விழா முடிந்தது. அடுத்த 13-வது நாள், நவம்பர் 15-ந்தேதி, சங்கரய்யா சென்னையில் காலமானார். கடைசி வரை அந்த பட்டம் வரவே இல்லை.

கொடுக்கலாம் என்பவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கலாம். அந்த காரணத்தை மாணவர்கள் முன்னால் எடுத்துச் சொல்லி, எதிர்க்கேள்விக்கு பதில் சொல்லி இருந்தால் அதுவே ஒரு நல்ல அரசியல் பாடமாக அமைந்து இருக்கும். நடந்தது வேறு. கோப்பு ஒரு மேசையில் நின்று போனது. அவ்வளவு தான்.

முழக்கம் போடச் சொன்ன கவர்னர்

இரண்டாவது சம்பவம் 2025 ஏப்ரல் 12-ந்தேதி நடந்தது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் மாணவர்களுக்கு பரிசு கொடுக்கும் விழா. சிறப்பு விருந்தினர் கவர்னர் ஆர்.என்.ரவி. பேச்சின் நடுவில் 'ஜெய் ஸ்ரீராம்' என்று முழக்கம் போடும்படி அவர் மாணவர்களை கேட்டுக்கொண்டார். மாணவர்களும் போட்டார்கள்.

இந்த வீடியோ வெளியானதும் பரபரப்பு தொற்றிக்கொண்டது. அரசியல் சட்டப்படி பதவிப்பிரமாணம் எடுத்தவர் கல்வி நிலையத்தில் ஒரு மதத்தின் முழக்கத்தை எழுப்பச் சொல்லலாமா என்று பொதுப்பள்ளிக்கான மாநில மேடை கண்டனம் தெரிவித்தது. கட்சிகளும் களத்தில் குதித்தன. சாமி பெயரை சொன்னதில் என்ன தப்பு என்று மறுபக்கம் கேட்டார்கள்.

அதற்கு 4 நாள் முன்பு, ஏப்ரல் 8-ந்தேதி தான், கவர்னர் நிறுத்தி வைத்திருந்த 10 மசோதாக்கள் பற்றி சுப்ரீம் கோர்ட்டு தமிழக அரசுக்கு சாதகமாக தீர்ப்பு கொடுத்து இருந்தது. அதனால் கல்லூரி விழாவில் நடந்ததும் அரசியல் கண்ணாடி வழியாகவே பார்க்கப்பட்டது.

இங்கேயும் மாணவர் நிலையை யோசித்து பாருங்கள். மேடையில் இருப்பவர் மாநிலத்தின் கவர்னர். பக்கத்தில் கல்லூரி நிர்வாகம். முன்வரிசையில் பேராசிரியர்கள். அந்த இடத்தில் ஒரு 19 வயது பையன் முழக்கம் போட மனம் இல்லை என்றால் என்ன செய்வான்? எழுந்து போக முடியாது. ஏன் என்று கேட்கவும் முடியாது. பிடித்து போட்டவன் யார், பயந்து போட்டவன் யார் என்று யாருக்கும் தெரியாது.

கவர்னர் இடத்தில் ஒரு அமைச்சரை வைத்து பாருங்கள். கட்சித் தலைவரை வைத்து பாருங்கள். கல்லூரி விழாக்களில் அமைச்சர்கள் வந்து அரசின் சாதனைகளை அடுக்குவதும், மாணவர்கள் கை தட்டுவதும் எந்த ஆட்சியிலும் நடக்கிற கூத்து தான். கொடி மாறும், கோஷம் மாறும். கீழே இருப்பவன் வாய் மட்டும் மூடியே இருக்கும்.

சாவி யாரிடம்?

பல்கலைக்கழக மேடை ஏன் இப்படி அரசியல் களம் ஆனது என்று பார்த்தால், நிர்வாகத்தில் தான் முடிச்சு இருக்கிறது.

மதுரை பல்கலைக்கழகம் 1965-ம் ஆண்டு சட்டத்தின்படி 1966-ல் தொடங்கப்பட்டது. 1978-ல் காமராசர் பெயர் சேர்ந்தது. முதல் துணைவேந்தர் தமிழறிஞர் தெ.பொ.மீனாட்சிசுந்தரம். பிறகு மு.வரதராசனார், வ.சுப.மாணிக்கம் என்று பெரிய ஆட்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வேந்தர் கவர்னர். இணைவேந்தர் உயர்கல்வித்துறை அமைச்சர். இருவருக்கும் இடையில் துணைவேந்தர்.

கவர்னரும் அரசும் ஒத்துப்போகும் வரை வண்டி ஓடும். இல்லாவிட்டால் துணைவேந்தர் இடிபட வேண்டியது தான். மதுரையில் அந்த நாற்காலி கோர்ட்டு வாசலையும் பலமுறை பார்த்து விட்டது. கல்யாணி மதிவாணன் நியமனத்தை ஐகோர்ட்டு 2014-ல் ரத்து செய்தது. 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு சாதகமாக தீர்ப்பு சொன்னது. செல்லத்துரை நியமனத்தை 2018-ல் ஐகோர்ட்டு ரத்து செய்தது. 2024-ல் துணைவேந்தர் குமார் பதவிக்காலம் முடியும் முன்பே ராஜினாமா செய்தார். அதன்பிறகு கன்வீனர் கமிட்டி தான் நிர்வாகத்தை கையில் எடுத்தது.

துணைவேந்தர் நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் சட்டங்கள் 2025 ஏப்ரல் தீர்ப்பால் நடைமுறைக்கு வந்தன. மே 21-ந்தேதி சென்னை ஐகோர்ட்டு அவற்றுக்கு இடைக்கால தடை போட்டது. இந்த இழுபறியில் நிரந்தர தலைமை இல்லாத பல்கலையில், சர்ச்சைக்குரிய தலைப்பில் ஒரு கருத்தரங்கம் நடத்த எந்த துறைத்தலைவர் துணிவார்? நாளைக்கு மேலிடத்தில் யார் வருவார் என்றே தெரியாத போது, வம்பில்லாத தலைப்பை பிடித்து நாலு பேரை வைத்து நடத்தி விட்டு போவது தான் புத்திசாலித்தனம் ஆகி விடுகிறது.

வட்டி பணத்தில் பஸ் டிக்கெட் கூட வராது

இன்னொரு பிரச்சினை பணம்.

பல்கலைக்கழகங்களில் நடக்கும் பொதுப் பேச்சுகளில் பெரும்பாலானவை அறக்கட்டளை சொற்பொழிவுகள். ஒரு குடும்பமோ, சங்கமோ ஒரு தொகையை கொடுக்கும். அதை வங்கியில் டெபாசிட் செய்து, வருகிற வட்டியில் ஆண்டுக்கு ஒரு பேச்சு நடத்த வேண்டும். ஏற்பாடு நல்ல ஏற்பாடு தான். ஆனால் 30, 40 வருடத்துக்கு முன்பு பெரிதாக தெரிந்த தொகை இன்று சில்லறை.

எடுத்துக்காட்டாக ரூ.25 ஆயிரம் டெபாசிட், 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ரூ.1,750 வரும். சென்னையில் இருந்து ஒரு அறிஞரை வரவழைத்தால் போக வர ஏ.சி. பஸ் டிக்கெட்டுக்கே இழுத்துப் பறிக்கும். தங்குவதற்கு அறை, சாப்பாடு, அழைப்பிதழ் செலவுக்கு எங்கே போவது? அதனால் பக்கத்து துறை பேராசிரியரையே பேச வைத்து கணக்கை முடிப்பது எளிதாகி விடுகிறது.

பல்கலையின் கஜானாவும் வற்றி விட்டது. ஒரு காலத்தில் மதுரை பல்கலைக்கு தொலைதூர கல்வி தான் அட்சய பாத்திரம். வெளி மாநிலங்களில் எல்லாம் மையங்கள் இருந்தன. மாநில எல்லைக்கு வெளியே மையம் நடத்தக்கூடாது என்ற கட்டுப்பாடு வந்த பிறகு அந்த வருமானம் சரிந்தது. 2023, 2024-ம் ஆண்டுகளில் சம்பளம், பென்சன் கேட்டு ஊழியர்கள் போராட்டம் நடத்தும் நிலை வந்தது. சம்பளத்துக்கே ததிங்கிணத்தோம் போடும் இடத்தில் சொற்பொழிவுக்கு யார் பணம் ஒதுக்குவார்?

ஒரு கடிதம், ஒரு ரத்து

அதிகாரம், பணம் இரண்டையும் தாண்டி ஒரு பேச்சு ஏற்பாடானால் மூன்றாவதாக ஒரு கண்டம் காத்திருக்கிறது. அது புகார் கடிதம். இது மதுரையோடு நிற்கும் சங்கதி அல்ல.

2015 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர்-பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரம் ரத்தானது. மத்திய அமைச்சகத்துக்கு போன பெயரில்லா புகார் தான் ஆரம்பம். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியதால் ஜூன் மாதம் அங்கீகாரம் திரும்ப கொடுக்கப்பட்டது.

2019 டிசம்பரில் குடியுரிமை திருத்த சட்டத்தை எதிர்த்து போராடிய சென்னை பல்கலை மாணவர்களை பார்க்க நடிகர் கமல்ஹாசன் போனார். உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே பேசி விட்டு திரும்பினார்.

2020 நவம்பரில் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலையில் எம்.ஏ. ஆங்கில பாடத்தில் இருந்த அருந்ததிராய் புத்தகம் நீக்கப்பட்டது. ஏ.பி.வி.பி. புகார் கொடுத்த பிறகு எடுக்கப்பட்ட முடிவு இது.

2025 மார்ச்சில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. இந்தியாவில் கிறிஸ்தவத்தை பரப்புவது எப்படி என்ற தலைப்பில் சென்னை பல்கலையில் ஒரு அறக்கட்டளை சொற்பொழிவு அறிவிக்கப்பட்டது. அரசு பல்கலையில் இப்படி ஒரு தலைப்பா என்று எதிர்ப்பு கிளம்பியது. நிகழ்ச்சி ரத்து.

இந்த பட்டியலில் இடதும் உண்டு, வலதும் உண்டு. எந்த தலைப்பு சரி, எது தப்பு என்பது வேறு விஷயம். எந்த விதிப்படி அனுமதித்தார்கள், எந்த விதிப்படி நிறுத்தினார்கள் என்பது தான் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. சத்தம் பெரிதாக இருந்தால் ரத்து என்ற பழக்கம் வந்து விட்டால், அடுத்த முறை சத்தம் போடுபவர் யார் என்பதில் தான் போட்டி வரும்.

அதற்காக யார் வேண்டுமானாலும் வந்து எதை வேண்டுமானாலும் பேசி விட்டு போகலாமா என்றால், அதுவும் இல்லை. 2024 ஆகஸ்டில் சென்னை அரசு பள்ளி ஒன்றில் மகாவிஷ்ணு என்பவர் முன் ஜென்ம பாவம் என்று பேசியதும், மாற்றுத்திறனாளி ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்து கேட்டதும் தமிழ்நாடே பார்த்தது. அது பள்ளி தான். ஆனாலும் ஒரு உண்மையை காட்டியது. தவறான பேச்சை அந்த இடத்திலேயே எதிர்த்தது போலீசோ, சுற்றறிக்கையோ இல்லை. தைரியமாக எழுந்து நின்ற ஒருவரின் கேள்வி தான்.

மேலூர் கற்றுக்கொடுத்த பாடம்

பல்கலையில் பேச்சு நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன, சோறு போடுமா என்று சிலர் கேட்கலாம். அதற்கு பதில் மேலூரில் இருக்கிறது.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு போனது தெரிந்ததும் மேலூர் பகுதி கிராமங்கள் கொதித்தன. தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரிய தலமாக 2022-ல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அந்த பகுதிக்குள் வந்தது. டங்ஸ்டன் என்றால் என்ன, எதற்கு பயன்படுகிறது, மத்திய அரசு நேரடியாக ஏலம் விட 2023 சட்டத்திருத்தம் எப்படி வழி செய்தது, மாநில அரசுக்கு என்ன பங்கு என்பதை எல்லாம் விவசாயிகள் கிராம சபையிலும், ஊர் மந்தையிலும், போராட்ட பந்தலிலும் தான் பேசிப்பேசி கற்றுக்கொண்டார்கள். டிசம்பர் 9-ந்தேதி சட்டசபையில் தீர்மானம், ஜனவரி 7-ந்தேதி மதுரை நோக்கி பிரமாண்ட பேரணி என்று போராட்டம் நீண்டது. 2025 ஜனவரி 23-ந்தேதி ஏலம் ரத்து என்று மத்திய அரசு அறிவித்தது.

அந்த மக்களின் பிள்ளைகள் தான் இந்த கல்லூரிகளில் படிக்கிறார்கள். நாளைக்கு இன்னொரு சுரங்கம், இன்னொரு சாலை, இன்னொரு தொழிற்சாலை வரும். சுரங்கம் வேண்டும் என்பவரையும், வேண்டாம் என்பவரையும் ஒரே மேடையில் உட்கார வைத்து கணக்கு கேட்க பல்கலையை விட பொருத்தமான இடம் எது?

கீழடியும் அப்படித்தான். கொந்தகையில் கிடைத்த மண்டை ஓடுகளை வைத்து அந்த காலத்து மனிதர்களின் முக வடிவத்தை 2025-ல் வெளியிட்டதில் காமராசர் பல்கலை மரபியல் துறைக்கு முக்கிய பங்கு உண்டு. இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலையும் சேர்ந்து செய்த வேலை அது. அதே ஆண்டு கீழடி அறிக்கையை திருத்தும்படி மத்திய தொல்லியல் துறை கேட்டதால் டெல்லிக்கும் சென்னைக்கும் மோதல் வெடித்தது. இரு தரப்பு வாதத்தையும் டி.வி. விவாதத்தில் கேட்டு தொண்டை கட்டிப்போனது தான் மிச்சம். ஆதாரத்தை கையில் வைத்திருப்பவரிடம் நேரில் கேள்வி கேட்கும் வாய்ப்பு எத்தனை மாணவருக்கு கிடைத்திருக்கும்?

ஊருக்குள் மேடைகளுக்கு பஞ்சம் இல்லை. காந்தி மியூசியம் இருக்கிறது. உலகத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. நத்தம் ரோட்டில் 2023 ஜூலை 15-ந்தேதி திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் அரங்கமும் இருக்கிறது. ஆனால் இங்கெல்லாம் கூட்டம் மாலையில் தான் களை கட்டும். உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் இருந்து வரும் மாணவி பஸ்சை பிடிப்பாரா, பேச்சை கேட்பாரா? அவருக்கு கிடைத்த ஒரே மேடை கல்லூரி வளாகம் தான். அதுவும் வெறும் மாலை, சால்வை, நன்றியுரையோடு முடிந்தால் நஷ்டம் அவருக்குத்தான். வசதியான வீட்டு பிள்ளை எப்படியும் வேறு எங்காவது கேட்டுக்கொள்ளும்.

பட்டிமன்றம் தெரிந்த ஊர்

இரண்டு பக்கத்தையும் கேட்டு முடிவு செய்வது மதுரைக்கு புதிது அல்ல. பட்டிமன்ற நடுவர் என்றதும் நினைவுக்கு வரும் சாலமன் பாப்பையா அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் பேராசிரியராக இருந்தவர். கு.ஞானசம்பந்தன் தியாகராசர் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். கல்லூரியில் இருந்து கிளம்பி ஊர் ஊராக மேடை ஏறியவர்கள் இவர்கள்.

மாணவன் அரசியல் பேசினால் என்ன ஆகும் என்பதும் மதுரைக்கு தெரியும். 1965 ஜனவரி 25-ந்தேதி இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் மாணவர்களுக்கும் காங்கிரசாருக்கும் மோதல் வெடித்தது இங்கே தான். அந்த நெருப்பு மாநிலம் முழுக்க பரவியது. 2 வருடத்தில் ஆட்சியே மாறியது. அந்த பயத்தில் தானோ என்னவோ, எந்த கட்சி ஆட்சிக்கு வந்தாலும் கல்லூரி கேட்டை கொஞ்சம் இறுக்கமாகவே பூட்டி வைக்கிறது.

வெளிநாட்டில் இதற்கு சட்டம் போட்டு பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் பல்கலை வளாகத்தில் பேச்சு சுதந்திரத்தை காப்பாற்ற 2023-ல் சட்டம் வந்தது. அதன் முக்கிய பிரிவுகள் 2025 ஆகஸ்டு 1-ந்தேதி முதல் நடைமுறைக்கு வந்தன. நமக்கு அந்த அளவுக்கு கூட போக வேண்டாம். உள்ளூரிலேயே செய்ய கூடியது 3 காரியம் தான்.

ஒன்று, வெளி ஆட்களை பேச அழைக்க எழுத்து மூலமான விதி வேண்டும். கவர்னர், அமைச்சர், கட்சிக்காரர், சாமியார், எழுத்தாளர் எல்லோருக்கும் ஒரே விதி. நிகழ்ச்சியை ரத்து செய்தால் காரணத்தை எழுதி நோட்டீசு போர்டில் ஒட்ட வேண்டும்.

இரண்டு, எந்த பேச்சாக இருந்தாலும் ஒரு பங்கு நேரம் கேள்விக்கு ஒதுக்க வேண்டும். கேள்வி கேட்க நேரம் இல்லாத விருந்தினருக்கு மேடையும் இல்லை என்று சொல்ல நிர்வாகத்துக்கு தைரியம் வேண்டும்.

மூன்று, அறக்கட்டளை டெபாசிட் எத்தனை, வட்டி எவ்வளவு, கடைசியாக எந்த ஆண்டு சொற்பொழிவு நடந்தது என்ற கணக்கை வெளியிட வேண்டும். பல்கலை தானாக வெளியிடாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை சட்டப்படி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். சின்ன சின்ன அறக்கட்டளைகளை ஒன்று சேர்த்தால் ஆண்டுக்கு நாலு நல்ல பேச்சாவது நடத்த வழி பிறக்கும்.

மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் மாவட்ட கல்லூரிகள் எல்லாம் காமராசர் பல்கலையை பார்த்துத்தான் நடக்கின்றன. அங்கே ஒரு பழக்கம் வந்தால் மற்ற இடத்துக்கும் தானாக வந்து விடும். துணைவேந்தர் நாற்காலி சண்டை கோர்ட்டில் எப்போது முடிகிறதோ முடியட்டும். கேள்வி நேரம் ஒதுக்க எந்த கோர்ட்டு உத்தரவும், எந்த கவர்னர் கையெழுத்தும் தேவை இல்லை. அடுத்த கருத்தரங்க அழைப்பிதழில் நன்றியுரைக்கு முன்னால் அந்த ஒரு வரியை சேர்ப்பார்களா என்பதே மாணவர்களின் எதிர்பார்ப்பு.